சாக்கில் அச்சடித்த பெயரைப் பார்த்து அரிசி வாங்குவோமா?

அரிசி மண்டிக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? சாக்கில் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுவதில்லை. குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் விழும் அரிசியை ஊதிப் பார்க்கிறோம். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறோம். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்து விடுகிறோம். புளி புதுசா, பழசா என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இத்தனை விவரமான நாம் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது மட்டும் இந்தத் திறமையை எல்லாம் கல்லாப்பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறோம். “ஐ5 என்ன விலை? ஐ7 என்ன விலை?” என்று கேட்கிறோம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கிறோம். “பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்று கடைக்காரர் சொன்னதும், லாபம் கிடைத்ததாக நினைத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விடுகிறோம்.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்பது பெரிய கடைகளுக்கான ஆடம்பரம். இன்று அப்படியில்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு ரிட்டர்ன், இ-வே பில், கொள்முதல் கணக்கு, வாடிக்கையாளர் பாக்கி என்று எல்லாமே அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. பேரேடு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆகவே அதை வாங்குவதும் ஒரு கொள்முதல்தான். கொள்முதலுக்கு உரிய கண்டிப்போடு அதை வாங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

பாக்கி எவ்வளவு என்று வாடிக்கையாளரைக் கேட்ட கதை

நமக்கு நன்கு தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர். பெயர் வேண்டாம். மாதச் சம்பளக்காரர்களுக்குப் பற்று வைத்துக் கொடுப்பவர். மலிவு விலையில் ‘ஐ7’ கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினார். எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாலை கரண்ட் போய்த் திரும்ப வந்தது. கூடவே கருகிய வாடையும் வந்தது. உள்ளே இருந்த எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சப்ளைப் பெட்டி எரிந்து போயிருந்தது. தான் போனதோடு மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது.

வாங்கிய இடத்தில் போய்க் கேட்டால், கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் “கம்ப்யூட்டர் – 1” என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தப் பாகம், எந்தக் கம்பெனி, எத்தனை வருஷ வாரண்டி என்று ஒன்றுமில்லை. இன்னொரு மெக்கானிக் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ஐ7 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ரகம். விற்றவர் பொய் சொல்லவில்லை. அது ஐ7தான். எந்த வருஷத்து ஐ7 என்று நம்மவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் பாக்கிக் கணக்கு. யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. நகல் எதுவும் இல்லை. கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவரிடம் போய், “உங்க பாக்கி எவ்வளவுங்க?” என்று கேட்க வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் நாணயமாகவே சொன்னார்கள். ஆனாலும், “கணக்கைத் தொலைத்துவிட்ட கடைக்காரர்” என்று பெயர் வாங்கியது அவருக்குப் பணம் போனதைவிட வலித்தது.

பெயர் வேறு, சரக்கு வேறு

கம்ப்யூட்டருக்கு மூளை புராசஸர். முன்பெல்லாம் 386, 486 என்று எண் சொல்லித்தான் அதை விற்றார்கள். எண்ணுக்கு வர்த்தக முத்திரை உரிமை கிடைக்காததால், இன்டெல் கம்பெனி 1993-ல் ‘பென்டியம்’ என்று பெயர் வைத்தது. அதற்கு முன்பே 1991-ல் ‘இன்டெல் இன்சைட்’ விளம்பரத் திட்டத்தைத் தொடங்கி, தன் முத்திரையைப் போடும் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களின் விளம்பரச் செலவில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொண்டது. பெட்டிக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு பாகத்தை ஸ்டிக்கரைக் கொண்டு பிரபலமாக்கிய வியாபார சாமர்த்தியம் அது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வாங்குகிறவர் ஸ்டிக்கரோடு நின்றுவிடக் கூடாது.

ஐ7 என்ற பெயர் 2008-லும், ஐ5 2009-லும், ஐ3 2010-லும் வந்தன. ஒவ்வொரு பெயரிலும் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தலைமுறை வெளிவந்தது. ஐ7 என்று மட்டும் சொல்வது, ‘பொன்னி’ என்று சொல்லிவிட்டு எந்த வருஷத்து நெல் என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது. ஐ7 என்பதை அடுத்து வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைக் கையால் மறைத்துக் கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது தலைமுறை. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை. 3470 என்றால் மூன்று. 8100 என்றால் எட்டு. 12100 என்றால் பன்னிரண்டு. முதல் தலைமுறைக்கு மூன்று இலக்கம்தான். 2023-லிருந்து இன்டெல் ‘ஐ’ என்ற எழுத்தை விட்டுவிட்டு ‘கோர்’, ‘கோர் அல்ட்ரா’ என்று புதுப் பெயர்களுக்கு மாறத் தொடங்கியது. ஏ.எம்.டி. கம்பெனி 2017-லிருந்து ‘ரைசன்’ என்ற பெயரில் விற்கிறது.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். ஐ7-2600 என்பது 2011-ல் வந்தது. ஐ3-12100 என்பது 2022-ல் வந்தது. இரண்டிலும் கோர்கள் நான்கு. கம்பெனிக் கணக்குப்படி முன்னதற்கு 95 வாட், பின்னதற்கு 60 வாட். வேலையிலோ பெயரில் ‘சின்னதான’ அந்த ஐ3, ‘பெரிய’ ஐ7-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம். ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கியவர் அதிகக் கரண்டும் குறைந்த வேகமும் உள்ள பழைய சரக்கை வாங்கி வருகிறார்.

பழைய புராசஸர் எப்படிப் புதுப் பெட்டிக்குள் வருகிறது என்று கேட்கலாம். அலுவலகங்களில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து அதைக் கழற்றுகிறார்கள். எச்61 என்ற 2011-ஆம் வருஷத்துச் சிப்செட்டை வைத்துப் புதிதாகச் செய்த, பெயர் தெரியாத மதர்போர்டில் பொருத்துகிறார்கள். மேலே பளபளப்பான புதுக் கேபினெட். பழைய சரக்கு விற்பது தப்பில்லை. பழையது என்று சொல்லிப் பழைய விலைக்கு விற்றால் அதுவும் நியாயமான வியாபாரமே. சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, ஒருசில விதிவிலக்கு தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஏ.எம்.டி.யில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ஆகவே செகண்ட் ஹாண்டே வாங்கினாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். கணக்கு வைக்கிற பெட்டிக்கு அது வேண்டாம்.

நமக்கு எவ்வளவு போதும்?

மளிகைக் கடைக் கல்லாவில் கம்ப்யூட்டர் செய்யும் வேலை என்ன? பார்கோடு படிக்கிறது. பில் போடுகிறது. சரக்கிருப்பைக் கழிக்கிறது. டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேர் ஓடுகிறது. இன்டர்நெட்டில் ரிட்டர்ன் போடுகிறது. இதற்கெல்லாம் புராசஸர் ஒரு நாளில் பெரும்பாலான நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். இங்கே ஐ7 வாங்குவது, சைக்கிளில் போட வேண்டிய இரண்டு சிப்பத்துக்கு லாரி பிடிப்பதைப் போன்றது.

ஒரே ஒரு பில்லிங் கவுன்ட்டர் என்றால் சமீபத்திய தலைமுறை ஐ3, அல்லது அதற்கு இணையான ரைசன் தாராளமாகப் போதும். இரண்டு மூன்று கவுன்ட்டர்களுக்குக் கணக்கைப் பகிரும் முதன்மைக் கம்ப்யூட்டர் என்றால் ஆறு கோர் உள்ள ஐ5-12400 போன்றது. கரண்டும் இடமும் மிச்சமாக வேண்டும் என்பவர்களுக்கு, 2023-ல் வந்த இன்டெல் என்100 புராசஸர் போட்ட கையடக்கப் பெட்டிகள் இருக்கின்றன. அந்த புராசஸர் 6 வாட்தான். ஆனால் அது போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. பின்னால் மாற்ற முடியாது. அதற்குச் சம்மதம் என்றால் வாங்கலாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் படம் காட்டும் வசதி கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் மானிட்டரில் எதுவும் தெரியும். விலை கொஞ்சம் குறைகிறதே என்று ‘எஃப்’ வாங்கிவிட்டுக் கார்டுக்குத் தனியாகப் பணம் கட்டியவர்கள் உண்டு. ரைசன் 5600ஜி போல ‘ஜி’ போட்டிருந்தால் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. நம் வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. வீட்டில் பிள்ளைகள் விளையாடவோ வீடியோ வேலை செய்யவோ கேட்டால் அது வேறு கம்ப்யூட்டர், வேறு கணக்கு. கடைக் கம்ப்யூட்டரை அதோடு கலக்காமல் இருப்பது நல்லது.

மதர்போர்டு வாங்கும்போது புராசஸருக்குப் பொருந்துகிற சாக்கெட்டா என்று கேளுங்கள். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ.1700. ரைசன் 5000 வரிசை வரை ஏ.எம்.4. 2022-ல் வந்த 7000 வரிசையிலிருந்து ஏ.எம்.5. ராமிலும் டி.டி.ஆர்.4 வேறு, டி.டி.ஆர்.5 வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. எட்டு ஜி.பி. ராம் கவுன்ட்டருக்குப் போதும். முதன்மைக் கம்ப்யூட்டருக்குப் பதினாறு. ராம் விலை வெங்காய விலையைப் போல. 2025-ன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்குப் பெருமளவில் சிப்கள் போனதால் உலகமெங்கும் ராம் விலை கடுமையாக ஏறியது. இப்படிப்பட்ட நேரத்தில் எட்டு ஜி.பி. ஒன்றைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றுக்குக் காலி இடம் உள்ள போர்டாக வாங்கி வைத்தால், விலை இறங்கியதும் சேர்த்துக் கொள்ளலாம்.

மளிகைக் கடைக்காரர்கள் தவறாமல் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் எலக்ட்ரானிக் தராசு பலவற்றில் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வழி பழைய சீரியல் போர்ட்தான். புது மதர்போர்டுகள் பலவற்றில் பின்பக்கம் அது இருக்காது. சிலவற்றில் போர்டின் உள்ளே மட்டும் இருக்கும், அதற்குத் தனியாக வயர் போட வேண்டும். பார்கோடு ஸ்கேனருக்குப் பிரச்சினை இல்லை, யூ.எஸ்.பி.யில் கீபோர்டு போலவே வேலை செய்யும். ஆகவே வாங்கப் போகுமுன் தராசு, பிரின்டர் இவற்றின் பிளக்குகளைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மிச்சம் பிடித்த பணத்தை எங்கே போடுவது?

புராசஸரில் மிச்சமான பணத்தை மூன்று இடங்களில் போடச் சொல்கிறோம்.

முதலாவது எஸ்.எஸ்.டி. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று நாம் திட்டுவது புராசஸரை. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி சுழலும் ஹார்ட் டிஸ்க். கேட்ட சரக்கை எடுத்துவரப் பையனைக் குடோனுக்கு அனுப்பிவிட்டு வாடிக்கையாளரைக் காக்க வைப்பதைப் போன்றது அது. எஸ்.எஸ்.டி. என்பது கைக்கெட்டும் அலமாரி. பழைய சாட்டா இணைப்பில் உள்ள எஸ்.எஸ்.டி.யே நொடிக்கு 500 எம்.பி. அளவில் படிக்கும். ஹார்ட் டிஸ்க் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. சின்னச் சின்னப் பதிவுகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. நம் பில்லிங் முழுவதும் சின்னப் பதிவுகள்தானே! 256 ஜி.பி. இருந்தால் கடைக் கணக்குக்குப் பல வருஷம் வரும்.

இரண்டாவது எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுப்பது இதுதான். இது கெட்டால் மற்றவற்றையும் கெடுக்கும். நாம் சொல்லும் கம்ப்யூட்டர் 100 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே ‘500 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய, கேபினெட்டோடு இலவசமாக வருகிற பெட்டியைவிட, பேர் சொல்லும் கம்பெனியின் 450 வாட், ‘80 பிளஸ்’ சான்று பெற்ற பெட்டி மேல். அந்தச் சான்று மின்சாரம் வீணாகாததற்கான சான்றே. ஆனாலும் பெயர் தெரியாத பெட்டிகளைக் கழித்துக்கட்ட உதவும். கையில் தூக்கிப் பாருங்கள். எடை பார்த்தே பழகிய கை நமக்கு. காற்றுப் போல இருந்தால் உள்ளே சரக்கு இல்லை என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது யூ.பி.எஸ். 600 வி.ஏ. போதும். மணிக்கணக்கில் ஓட்டுவதற்கல்ல, கரண்ட் போனால் கணக்கை மூடிவிட்டு நிதானமாக நிறுத்துவதற்கு. பேட்டரியை இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். சுவரில் உள்ள பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். நண்பர் கடையில் யூ.பி.எஸ்.ஸும் ஒழுங்கான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இருந்திருந்தால் அந்தத் தீபாவளி அப்படிப் போயிருக்காது.

பில் இல்லாத லாபம் லாபமல்ல

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். “பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்கிற பேச்சு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாகங்களின் மதிப்பு ரூ.30,000 என்று வைத்துக் கொள்வோம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது ரூ.5,400. மொத்தம் ரூ.35,400. பில் வேண்டாம் என்றால் ரூ.32,000-க்குத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். ரூ.3,400 மிச்சம் என்று தோன்றுகிறது. ஆனால் வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் வியாபாரிக்கு, கடைப் பயன்பாட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டரில் கட்டிய ரூ.5,400 உள்ளீட்டு வரி வரவாகக் கிடைக்கும். ஆக அவருக்கு அடக்கம் ரூ.30,000 மட்டுமே. பில் இல்லாமல் வாங்கினால் ரூ.2,000 நஷ்டம். லாபம் என்று நினைத்து நஷ்டத்தை வாங்கி வருகிறோம்!

இதில் மூன்று நிபந்தனைகள் உண்டு. பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். விற்றவர் ரிட்டர்ன் போட்டு, அது நம் 2பி பட்டியலில் வந்திருக்க வேண்டும். வரித்தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் கேட்கக் கூடாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும், வீட்டுக்கு வாங்குபவர்களுக்கும் இந்த வரவு இல்லை.

அவர்களும் பில்லைக் கேட்டு வாங்கவே சொல்வோம். காரணம் வாரண்டி. பெட்டியோடு வரும் புராசஸருக்கு இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் பொதுவாக 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. பெட்டியில்லாமல் ‘டிரே’ என்ற பெயரில் வருவதற்கு விற்றவர் சொல்வதே வாரண்டி. மதர்போர்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி. தனித்தனியாக எழுதிய பில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். “கம்ப்யூட்டர் – 1” என்ற சீட்டு யாருக்கும் உதவாது.

ஆகவே பாகத்தின் பெயர், மாடல் எண், சீரியல் எண், வாரண்டிக் காலம் ஆகிய நான்கும் பில்லில் வரி வரியாக இருக்கட்டும். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வாருங்கள். பணம் கொடுக்குமுன் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்தைத் திறந்தால் புராசஸரின் முழுப் பெயர் எண்ணோடு தெரியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர், எஸ்.எஸ்.டி. இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதுசு என்று கொடுத்தது பல ஆயிரம் மணி ஓடியிருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். இதுதான் நம் குத்தூசி.

கள்ள விண்டோஸ் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை ஓடவைக்கப் போடும் சின்னச் சின்ன புரோகிராம்களிலேயே வைரஸ் ஒளிந்து வருவதுண்டு. 2017 மே மாதத்தில் ‘வான்னக்ரை’ வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் போடாதவர்களே மாட்டிக்கொண்டார்கள். எவ்வளவு நல்ல கம்ப்யூட்டராக இருந்தாலும், கடை மூடும்போது அன்றைய கணக்கை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ நகல் எடுத்துக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கும் பொறுப்பு நம்முடையது. ஹார்ட் டிஸ்க் எரிந்துவிட்டது என்பது அங்கே பதிலாகாது.

அவரும் வியாபாரிதான்

இதையெல்லாம் படித்துவிட்டு, அசெம்பிள் செய்பவர்களை எல்லாம் சந்தேகப்பட வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் இருந்தாலும், நம் ஊர்க் கடைத்தெருவில் மாடியில் சின்ன அறை வைத்திருந்தாலும் அவரும் நம்மைப் போல வாடகையும் கரண்ட் பில்லும் கட்டும் சிறு வியாபாரி. ராத்திரி எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஓடி வருகிறவர் அவர்தான். ஆன்லைனில் வாங்கிய பெட்டி ஓடி வராது. “உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்” என்று வாடிக்கையாளரிடம் கேட்கிற நாம், நமக்கென்று வரும்போது உள்ளூர்க்காரரை ஒதுக்குவது முறையல்ல. கம்பெனி கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் பழுதுபார்க்க ஆளில்லாத ஊரில், கடைக்கே வந்து சர்வீஸ் செய்யும் ஒப்பந்தத்தோடு வாங்குவது நல்லதுதான்.

ஆனால் உள்ளூர்க்காரர் கெட்டுப் போவதற்கு நாமும் ஒரு காரணம். “விலையைக் குறை, குறை” என்று நெருக்கினால் அவர் எதைக் குறைப்பார்? புராசஸர் பெயரைக் குறைக்க மாட்டார், அது நாம் கேட்ட பெயர். கண்ணுக்குத் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறைப்பார். போர்டைக் குறைப்பார். கடைசியில் பில்லையும் குறைப்பார். நம் கடையில் ஒருவர் வந்து சந்தை விலைக்குக் கீழே நல்லெண்ணெய் கேட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

ஆகவே அவருக்கு நியாயமான கூலியைக் கொடுப்போம். பாகங்களின் விலை தனி, அசெம்பிள் செய்யும் கூலி தனி என்று பில்லில் எழுதச் சொல்வோம். சங்கங்களும் இதில் ஒரு கை கொடுக்கலாம். பாகம், மாடல், சீரியல் எண், வாரண்டி என்று கட்டம் போட்ட ஒரு பக்கப் படிவம் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே மாதிரி வாங்கினால் விலையும் இறங்கும், ஒருவர் கம்ப்யூட்டர் நின்றால் மற்றவருடையதை வைத்துப் பாகத்தைச் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

சரக்கு தெரிந்தவனை ஏமாற்ற முடியாது என்பார்கள். கம்ப்யூட்டரும் சரக்குதான். அடுத்த முறை அந்தக் கடைப் படியேறும்போது “ஐ7 என்ன விலை?” என்று கேட்காதீர்கள். “எண்ணைக் காட்டுங்க, எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் காட்டுங்க, பில் போடுங்க” என்று கேளுங்கள். கேட்கிறவர் மளிகைக் கடைக்காரர் என்பது அவருக்கும் உடனே புரிந்துவிடும்.